திருமறையும் ஆய்வுகூடமும்

விஞ்ஞானம் இன்று கண்டறிவன யாவும் 1400 ஆண்டுகளுக்கு முன்னரே திருக்குர்ஆனிற் கூறப்பட்டுவிட்டன என்னும் கூற்று, எமது சமூகத்திலே கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக உலவி வருகின்றது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திலும், கல்யாண வீட்டுத் திண்ணையிலும், பாடசாலை மீலாத் விழா மேடையிலும் அதனைக் கேட்கின்றோம். முன்னர் சிறு பிரசுரமாகவும் ஒலிநாடாவாகவும் வந்தது. இன்று இளைஞர்தம் கைத்தொலைபேசியில் வண்ணப் படமாக வந்து சேருகின்றது. அதனைக் கேட்டு மகிழாதார் இலர். உரசிப் பார்க்கத் துணிந்தாரோ மிகச் சிலர். துணிபவனுக்கு மார்க்க விரோதி என்னும் பட்டம் காத்திருக்கின்றது என்பதை எல்லோரும் அறிவர்.

அம்மறையை லெப்பையின் முன்னமர்ந்து ஓதி வளர்ந்தோம் நாம். பின்னர் 35 ஆண்டுகள் கிழக்கிலங்கைப் பாடசாலைகளிலே தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றோம். இவ்விரு உறவுகளையும் மதித்தே இதனை எழுதுகின்றோம். இறைவன் உளனா என்பதோ, திருமறை இறைவாக்கா என்பதோ இங்கு எமது வினாவன்று. அவற்றுக்கு ஆய்வுகூடத்தில் விடை கிடையாது. எமது வினா எளியது: இன்றைய விஞ்ஞானத்தைப் பழைய வசனங்களிலே கண்டெடுக்கும் இம்முயற்சி எமது பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கின்றது? அவர்களிடமிருந்து எதைப் பறிக்கின்றது?

இம்முயற்சி நாம் நினைப்பதுபோல் அத்துணைப் பழையதன்று. இன்றைய வடிவில் அது உலகெங்கும் பரவக் காரணமான நூலை மொரிஸ் புக்காய் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1976இல் வெளியிட்டார். சவூதி மன்னர் பைசலின் குடும்பத்தாருக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். விவிலியத்தையும் குர்ஆனையும் விஞ்ஞானத்தோடு ஒப்பிட்டு, குர்ஆனில் விஞ்ஞானத்துக்கு முரணானது எதுவுமில்லை என அவர் முடிவு கூறினார். 1984இல் குர்ஆனிலும் ஹதீஸிலும் உள்ள விஞ்ஞான அற்புதங்களை ஆராய்வதற்கென ஓர் ஆணைக்குழு சவூதி அரேபியாவில் நிறுவப்பட்டது. யெமன் நாட்டவரான அப்துல் மஜீத் அல்-ஸிந்தானி அதன் முன்னணியில் நின்றார். மேற்குலக விஞ்ஞானிகளை மாநாடுகளுக்கு அழைத்து, அவர்தம் வாயாற் சான்று பெறுவது அதன் முக்கிய பணிகளுள் ஒன்றாயிற்று. கனடா நாட்டு உடலமைப்பியற் பேராசிரியர் கீத் மூரின் முளையவியற் பாடநூல், 1983இல் ஸிந்தானியின் இஸ்லாமியச் சேர்க்கைகளோடு தனிப் பதிப்பாக வெளிவந்தது. அழைக்கப்பட்ட விஞ்ஞானிகள் எவ்வாறு உபசரிக்கப்பட்டனர், அவர்தம் வாய்மொழிகள் எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பவற்றை 2002இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் என்னும் அமெரிக்க நாளேடு விரிவாக எழுதியது.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகளாக எமக்குத் தோன்றவில்லை. 2007ஆம் ஆண்டளவில் நாம் கற்பித்த பாடசாலைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். மண்டபத்தின் சன்னல்களை மூடித் திரையிலே படங்காட்டினார். ஒரு புறம் மனித முளையத்தின் படம். மறுபுறம் அட்டையின் படம். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதைக் காட்டி, நுணுக்குக்காட்டி இல்லாத பாலைவனத்திலே இதனை யார் அறிந்திருக்க முடியும் என்று கேட்டார். மண்டபம் அதிரப் பிள்ளைகள் முழக்கமிட்டனர். மறுநாள் எமது உயர்தர உயிரியல் வகுப்பில், பின்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், எல்லாம் நம்மட குர்ஆன்ல முதல்லயே இருந்திருந்தா, நாம ஏன் முதல்ல கண்டுபிடிக்கல்ல?”

வகுப்பு அடங்கிவிட்டது. “அப்படிக் கேக்கப்படாது” என்றான் ஒரு மாணவன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆயின் அக்கேள்வி உட்காரவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாகக் கற்பித்திருந்த எமக்கு, இவ்விடயம் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அனைத்தையும்விட அந்த ஒரு கேள்வியே கூர்மையானதாகப் பட்டது.

அவள் கேட்டது காலத்தின் ஒழுங்கைப் பற்றிய கேள்வி. வசனத்தை ஓதி, அதிலிருந்து ஒரு கருதுகோளை எடுத்து, பரிசோதனை செய்து, எவரும் அறியாத ஒன்றைக் கண்டுபிடித்தவர் எவரேனும் உளரா? இதுகாறும் நடந்ததெல்லாம் மறுபுறமாகவே நடந்துள்ளது. முதலில் ஆய்வுகூடம் பேசுகின்றது. அதன் பின்னரே வசனம் கண்டெடுக்கப்படுகின்றது.

உதாரணத்துக்கு அண்டம் விரிகின்றது என்பதை எடுத்துக்கொள்வோம். 51ஆம் அத்தியாயத்திலே வானத்தின் படைப்பைப் பற்றி வரும் ஓர் அரபுச் சொல்லுக்கு, ‘விரிவாக்கிக்கொண்டிருப்போர்’ என்று இன்று பொருள் கூறப்படுகின்றது. கி.பி. 923இல் மறைந்த தபரியும், 1373இல் மறைந்த இப்னு கதீரும் அச்சொல்லை அறியாதவர்களா? அவர்களைவிட அரபு கற்றோர் இன்று யாருளர்? அவர்கள் அதற்கு ஆற்றல் என்றும், வளம் என்றும், வானத்தின் அகன்ற பரப்பு என்றும் விளக்கமளித்தனர். விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன என்று ஆயிரமாண்டுகளாக எந்த விரிவுரையாளரும் எழுதவில்லை. 1927இல் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்க குருவான ஜோர்ஜ் லெமெத்ர் கணிதத்தின் வழியாகவும், 1929இல் ஹபிள் தொலைகாட்டியின் வழியாகவும் அதனை நிறுவிய பின்னரே அச்சொல்லுக்குப் புதுப்பொருள் பிறந்தது. 1917இல் ஐன்ஸ்டீன் அண்டம் நிலையானது என்றே கருதினார். அவ்வாண்டிலே எமது பேச்சாளர் மேடையேறியிருப்பின், நிலையான அண்டத்துக்கும் அவருக்கு ஒரு வசனம் கிடைத்திருக்கும் அன்றோ?

முளையத்தின் கதையும் இத்தகையதே. ‘அலக்’ என்னும் சொல்லை முன்னையோர் உறைந்த இரத்தம் என விளங்கினர். மனித முளையம் எக்கட்டத்திலும் உறைந்த இரத்தமாக இருப்பதில்லை என்பது தெளிவான பின்னர், அச்சொல்லுக்குரிய ஏனைய பொருள்களான ‘ஒட்டிக்கொள்வது’, ‘அட்டை’ என்பன முன்னுக்குக் கொண்டுவரப்பட்டன. கரு படிப்படியாக வளர்கின்றது என்பதோ அக்காலத்தில் எவரும் அறியாத இரகசியமன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில் கோழிக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்து எழுதியுள்ளார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கலென் மனிதக் கருவின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாக வகுத்துள்ளார். இதனாற் குர்ஆன் அவரைப் பார்த்து எழுதப்பட்டது என்று நாம் கூறவரவில்லை. மனிதன் தன் எளிய தொடக்கத்தை நினைந்து அடக்கங் கொள்ள வேண்டும் என்பதே அவ்வசனங்களின் உட்கிடை. ஆனால், அவற்றை முளையவியற் பாடமாக்க முயல்வோர் ஒன்றுக்கு விடை கூறியாக வேண்டும். பாலூட்டியின் சூல்முட்டையை வொன் பேயர் முதன்முதற் கண்டது 1827இல். அதுவரை 1200 ஆண்டுகளாக அவ்வசனங்களை ஓதியோரிடையே உலகம் போற்றிய வைத்தியர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரேனும் அவ்வசனத்தை வாசித்துச் சூல்முட்டையைத் தேடிச் செல்லாதது ஏன்?

எண்களை வைத்துச் செய்யப்படும் வேடிக்கை இன்னும் எளிதில் உடைவது. இரும்பு என்னும் பெயர் கொண்ட அத்தியாயம் 57ஆவது. இரும்பின் திணிவெண்ணும் 57 என்று ஒரு பிரசுரம் கூறிற்று. எமது மாணவர்களை இரசாயன அட்டவணையைப் பார்க்கச் சொன்னோம். இயற்கையில் உள்ள இரும்பில் ஏறத்தாழ 92 வீதம் 56 என்னும் திணிவெண் கொண்ட சமதானியே. 57 கொண்டது ஏறத்தாழ 2 வீதம் மாத்திரமே. ‘நாள்’ என்னும் சொல் 365 தடவை வருகின்றது என்பார்கள். ஒருமையை எண்ணிப் பன்மையை விடுவதா, விகுதி ஒட்டிய வடிவங்களைச் சேர்ப்பதா தள்ளுவதா என்பதையெல்லாம் முதலிலே தீர்மானித்துவிட்டு எண்ணுபவர் எவருமில்லை. வர வேண்டிய விடை முன்னரே கையில் இருக்கின்றது. எண்ணும் முறையே அதற்கேற்ப வளைகின்றது.

இவ்வழி எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷாத் கலீபாவின் கதை சான்று. எகிப்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இந்த உயிரிரசாயனவியலாளர், 19 என்னும் எண்ணின் அடிப்படையிலேயே குர்ஆன் முழுவதும் அமைந்துள்ளது என 1974இல் அறிவித்தார். முஸ்லிம் உலகின் பல பாகங்களிலும் அது மகிழ்ந்து வரவேற்கப்பட்டது. பின்னர் அவருடைய கணக்குக்கு 9ஆம் அத்தியாயத்தின் இறுதி இரண்டு வசனங்கள் ஒத்துவரவில்லை. அவர் கணக்கைக் கைவிட்டாரா? இல்லை, அவ்விரு வசனங்களும் குர்ஆனைச் சேர்ந்தவையல்ல என்று அறிவித்தார்! வேதத்துக்குச் சான்று தேடப் புறப்பட்டவர், சான்றைக் காப்பதற்காக வேதத்தையே வெட்டத் துணிந்தார். வரவேற்றவர்களே பின்னர் அவரைத் தூற்றினர். 1990இல் அவர் கொலையுண்டார்.

அம்மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். அச்செய்தி எப்படியோ வீட்டை எட்டிவிட்டது. சில நாட்களின் பின் அவளுடைய வாப்பா எம்மைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். சிறு வியாபாரி, கோபக்காரரல்லர், ஆயின் முகத்திலே கலக்கம் தெரிந்தது. “சேர், படிக்கத்தான் அனுப்பினேன். புள்ள ஈமானை இழந்திரப்படா” என்றார். அவருக்கு நாம் கலென் கதையையோ ஐன்ஸ்டீன் கதையையோ சொல்லவில்லை. அவரும் நாமும் ஒருங்கே அறிந்த ஒரு ஹதீஸையே நினைவூட்டினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்மணம் மாறாத பருவத்திலேயே மதீனாவில் மறைந்தார். அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 என வானியலாளர் கணிக்கின்றனர். நபியின் மகன் மறைந்த துயரத்தாற் சூரியன் இருண்டது என மக்கள் பேசலாயினர். பெருமானார் வாளாவிருந்திருப்பினும் அப்பேச்சு ஓர் அற்புதமாக நிலைத்திருக்கும். அவருடைய தூதுக்கு வானமே சாட்சி சொன்னதாக உலகம் நம்பியிருக்கும். மைந்தனைப் புதைத்த அந்தத் துயரத்தின் நடுவிலும் அவர் மக்களைக் கூட்டித் தொழுகை நடத்தி, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவாகச் சொன்னார். அவை இறைவனின் அத்தாட்சிகள் என்றும் சொன்னார். ஆனால், தன் வீட்டுத் துயரத்துக்கு அவற்றைச் சான்றாக்க அவர் இசையவில்லை.

“வலிய வந்த அற்புதத்தையே வேண்டாமென்றவர் அவர். அவருடைய மார்க்கத்துக்கு நாம் ஏன் அற்புதம் தேடி அலைய வேண்டும்?” என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். ஊர்ப் பள்ளி மௌலவியிடமும் இதனைக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னோம். கேட்டிருக்கின்றார். ஹதீஸ் மெய்தான் என்று மௌலவி உறுதிப்படுத்தினாராம். மகள் உயிரியலையே தொடர்ந்து கற்றாள்.

எமது முன்னோரான அறிஞர்களிடமும் இந்நிதானம் இருந்தது. கிரகணத்துக்கு வானியலார் கூறும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கின்றான் என்பது 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியின் கருத்து. எல்லா அறிவுகளின் வேரும் குர்ஆனில் உண்டு என்று வேறோரிடத்தில் எழுதியவரும் அவரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் 1388இல் மறைந்த கிரனாடா நகர்ப் பேரறிஞர் ஷாதிபி அக்கருத்தை நேரடியாகவே மறுத்தார். எழுத்தறியாத மக்களுக்கு வழிகாட்டியாக இறங்கிய வேதத்தின்மீது, பின்னர் தோன்றிய கலைகளையெல்லாம் ஏற்றிச் சொல்வது முறையன்று என அவர் வாதிட்டார்.

இத்தகைய பேரறிஞர்களின் பெயரைக்கூட அறியாத எமது லெப்பையிடமும் இத்தெளிவு இருந்தது. 1969இல் மனிதன் சந்திரனிற் காலடி வைத்தான் என்று வானொலி சொன்னபோது எமக்கு ஒன்பது வயது. சந்திரனுக்குப் போவது குர்ஆனில் உண்டா என்று பிள்ளைகள் எல்லோரும் அவரை மொய்த்துக் கேட்டோம். “சந்திரனுக்குப் போற வழிய சயன்ஸ் மாஸ்டரிட்ட கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது நேர்மையா நடக்கிற வழிதான்” என்றார். பிரம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த அச்சிரிப்பும் நினைவிலுண்டு.

வசனத்திலே விஞ்ஞானம் தேடும் பழக்கம் எமது உண்மையான பாரம்பரியத்தையும் எம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றது. பஸ்றாவில் 965ஆம் ஆண்டளவிற் பிறந்த இப்னு அல்-ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே பார்வை உண்டாகின்றது என நிறுவினார். இருண்ட அறையின் சிறு துளையூடே ஒளியைச் செலுத்தி, மீண்டும் மீண்டும் சோதித்துப் பெற்ற முடிவு அது. தொலமியின் வானியலில் உள்ள முரண்பாடுகளைப் பட்டியலிட்டுத் தனி நூலே எழுதினார். உண்மையை நாடுபவன் தான் வாசிக்கும் அனைத்தையும் ஐயத்தோடு அணுக வேண்டும் என்றார். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்-நபீஸ், இதயத்தின் இடைச்சுவரிலே துளை உண்டென்ற கலெனின் கூற்றையும், அதனை ஏற்ற இப்னு ஸீனாவையும் மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் செல்கின்றது என்று எழுதினார். அக்கையெழுத்துப் பிரதியை 1924இல் ஜெர்மனியில் கண்டெடுத்தவர் ஓர் எகிப்திய வைத்தியர். இவர்கள் ஐவேளை தொழுத முஸ்லிம்கள். ஆயினும் ஒளியியலுக்கும் உடலமைப்பியலுக்கும் கண்ணையும் கையையும் தருக்கத்தையுமே நம்பினர். எமது பிள்ளைகளுக்கோ புக்காயின் பெயர் தெரியும். அந்-நபீஸின் பெயர் தெரியாது. இது பாரம்பரியத்தைப் போற்றுவதா, புதைப்பதா?

எனின், இக்கூற்றுக்கு இத்துணைச் செல்வாக்கு எங்ஙனம் வந்தது? மக்களின் அறியாமை எனச் சொல்லி ஒதுக்குவது எளிது. அது நேர்மையான விடையாகாது. ஐரோப்பிய ஏகாதிபத்தியம் எமது நாடுகளைக் கைப்பற்றியபோது பீரங்கியோடு ஓர் ஏளனத்தையும் கொண்டுவந்தது. உங்கள் மதம் அறிவுக்கு எதிரி, உங்கள் இனம் சிந்திக்கத் தகுதியற்றது என்னும் ஏளனம் அது. அதனாற் காயப்பட்ட மக்கள் தம் மானத்தைத் தாம் போற்றும் நூலிலே தேடியதில் வியப்பில்லை. 1940இல் மறைந்த எகிப்திய ஆசிரியர் தந்தாவி ஜவ்ஹரி தாவரம், விலங்கு, வானியல் பற்றிய படங்களோடு 26 பாகங்களில் குர்ஆன் விரிவுரை எழுதினார். சட்டம் பற்றிய சில நூறு வசனங்களுக்கே எண்ணற்ற நூல்கள் எழுதிய எமது அறிஞர், இயற்கையைப் பற்றிய அதனினும் மிகுதியான வசனங்களை ஏன் புறக்கணித்தனர் என்பது அவர் எழுப்பிய வினா. அவருடைய விளக்கங்கள் பல இன்று நிற்கமாட்டா. ஆயின் அவருடைய நோக்கம் சமூகத்தைத் தட்டியெழுப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. 1973இன் பின் எண்ணெய் வளத்தின் துணையோடு பரவிய இலக்கியமோ, எல்லாம் ஏற்கெனவே எம்மிடம் உண்டு என்று தாலாட்டுப் பாடுகின்றது. எல்லாம் உண்டெனின் உழைப்பதற்கு எதுவுமில்லை. ஆய்வுகூடங்களையும் சுதந்திரமான பல்கலைக்கழகங்களையும் மக்களுக்குத் தர விரும்பாத ஆட்சியாளருக்கு, இதனினும் மலிவான பெருமை வேறெங்கே கிடைக்கும்?

உழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அப்துஸ் ஸலாமின் வாழ்வை நினைவுகூர வேண்டும். பாகிஸ்தானின் ஜங் நகரத்திலே வளர்ந்த அவர் 1979இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். குர்ஆனை ஆழ்ந்து நேசித்தவர்; இயற்கையைச் சிந்திக்கும்படி அது தூண்டுவதாகச் சொல்லியவர். ஆயின் அவருடைய கொள்கை பிறந்தது கணிதத்தில். ஜெனீவாவிலே 1973இலும் 1983இலும் நடந்த பரிசோதனைகளே அதனை உறுதிசெய்தன. அவரோடு பரிசைப் பகிர்ந்த ஸ்டீவன் வைன்பேர்க் இறைநம்பிக்கை அற்றவர். நம்பிக்கையாளரும் நம்பிக்கையற்றவரும் தனித்தனியே உழைத்து ஒரே முடிவை அடைந்தனர். இதனினும் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்? அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தானின் அரசியலமைப்பு அப்பிரிவினர் முஸ்லிம்களல்லர் என்று பிரகடனம் செய்தது. 1996இல் அவர் மறைந்த பின்னர், கல்லறைக் கல்லிலிருந்த ‘முஸ்லிம்’ என்ற சொல்லும் அழிக்கப்பட்டது.

இந்நோய் ஒரு மதத்துக்கு மாத்திரம் உரியதன்று. 2015இல் மும்பாயில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டிலே பண்டைய இந்திய விமானங்களைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. 2019இல் எமது நாட்டின் கட்டுநாயக்காவில் விமானத்துறையினர் கூடிய மாநாடொன்றிலே, முதன்முதல் வானிற் பறந்தவன் இராவணனே என்று கூறப்பட்டது. கத்தோலிக்க உலகின் அனுபவமோ வேறு பாடம் புகட்டுகின்றது. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அண்டத்தின் தொடக்கம் பற்றிய புதிய கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் கொண்டு உரையாற்றினார். அதனை விரும்பாதவர் யார்? அக்கொள்கையின் தந்தையும் குருவானவருமாகிய லெமெத்ரே. கொள்கைகள் நாளை மாறலாம், அவற்றின்மேல் நம்பிக்கையைக் கட்டக்கூடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு வானியலாளர் மாநாட்டில் உரையாற்றிய பாப்பரசர் அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

விஞ்ஞானம் எம் சமூகத்துக்கு உண்மையில் எப்போது தேவைப்பட்டது என்பதை அண்மைக்கால வரலாறு காட்டியது. 2020 ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என இலங்கையில் வர்த்தமானி வெளியிடப்பட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் கூறப்பட்டது. புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் பயனில்லை. பிறந்து 20 நாட்களேயான குழந்தையின் உடலும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. அந்நாட்களில் எமக்குத் துணை நின்றது எது? அட்டைப் படம் காட்டிய பேச்சாளர்களின் வாதங்கள் அங்கு உதவவில்லை. இறந்த உடலில் வைரசு பெருகாது, நிலத்தடி நீருக்கு அதனால் ஆபத்து நேரும் என அஞ்ச வேண்டியதில்லை என்று விளக்கிய வைரசியற் பேராசிரியர் மலிக் பீரிஸ் போன்றோரும், புதைப்பதைத் தடுக்க விஞ்ஞானக் காரணமில்லை என அறிவித்த வைத்தியர் சங்கங்களுமே துணை நின்றன. அவர்களிற் பலர் எம் மதத்தவர் அல்லர். உள்ளூரில் வீதிப் போராட்டமும், வெளியே பிற நாடுகளின் வற்புறுத்தலும் சேர்ந்து, 2021 பெப்ரவரியில் அவ்விதி நீக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. பொய்யான விஞ்ஞானம் அதிகாரத்தின் கையில் ஆயுதமானபோது, மெய்யான விஞ்ஞானமே எளியவரின் கேடயமாயிற்று.

பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அம்மாணவி, அந்நாட்களில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திலே தொழினுட்பவியலாளராகப் பீ.சீ.ஆர். பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். தொழுகைக்கும் பரிசோதனைக்கும் இடையே அவளுக்கு எப்பிணக்கும் நேர்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இப்பிரசுரங்களைத் தடைசெய்யும்படி நாம் கேட்கவில்லை. நம்பிக்கையாளரை எள்ளி நகையாடுவதையும் வெறுக்கின்றோம். ஏளனத்தாற் பிறந்த நோய் ஏளனத்தால் தீராது. ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது வேறு. இத்தகைய கூற்றோடு ஒரு மாணவன் வருவானாயின் அவனைத் துரத்தாதீர்கள். இக்கண்டுபிடிப்பை யார், எந்த ஆண்டில், எக்கருவியால் நிறுவினார் என்று தேடிவரச் சொல்லுங்கள். அதற்கு முந்திய விரிவுரைகள் அவ்வசனத்துக்கு என்ன பொருள் கூறின என்பதை மௌலவியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். நாளை இக்கொள்கை திருத்தப்படுமாயின் அவ்வசனத்தை என் செய்வாய் என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடும் மாணவன் வேதத்தையும் மதிக்கக் கற்பான். விஞ்ஞானத்தையும் மதிக்கக் கற்பான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, நவீன கல்வியை நாடும்படி எம் சமூகத்தை இடித்துரைத்தார். அதற்காகத் தம்மவரின் எதிர்ப்பையும் தாங்கினார். கற்க வேண்டியது மிக உண்டு என்பதை அவர் நன்கறிந்திருந்தார். எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று என்று உங்களிடம் சொல்பவன் எவனாயினும், அவன் உங்கள் பங்கைப் பறிக்கின்றான். கண்டறிய வேண்டியவை இன்னும் ஏராளம். டெங்குக் காய்ச்சலால் ஆண்டுதோறும் பிள்ளைகள் மடிகின்றனர். வடமத்திய மாகாணத்து விவசாயிகளைச் சிறுநீரக நோய் அரித்துக்கொண்டிருக்கின்றது; அதன் காரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. இவற்றுக்கான விடைகள் எந்த நூலிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கவில்லை. அவற்றை எழுத வேண்டியவர்கள் நீங்களே.